எட்டுக் கட்டத்தில் ஒரு முகம்

கொள்வனவு, கடன், காசோலை, கடை வாடகை என்பன பற்றித்தான் வியாபாரிகள் நாம் வழமையாகக் கதைப்பதுண்டு. இம்முறை நான் எழுத வந்திருப்பது ஒரு விளையாட்டைப் பற்றி. சிறு பிள்ளைகள் கொப்பியில் கட்டம் போட்டு, பென்சிலால் நிரப்பி விளையாடும் புதிர் விளையாட்டு அது. "முப்பது வருடம் புறக்கோட்டையில் துணி விற்றவருக்கு இப்போது விளையாட்டுக் கேட்கிறதா?" என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் அந்த விளையாட்டு உரிய நேரத்தில் என் கைக்கு வந்திராவிட்டால், ஒரு பாவமும் அறியாத பையன் ஒருவனைத் திருடன் என்று பொலிஸில் ஒப்படைத்திருப்பேன். ஆகவே கதையை முதலிலிருந்தே சொல்லி விடுகிறேன்.

காணாமற்போன பை

2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமை. கடைக்குள் கால் வைக்க இடமில்லாத சன நெரிசல். மறுநாள் வங்கியில் போடுவதற்காக எண்ணிக் கட்டி, மேசைக்குக் கீழே வைத்திருந்த பை பின்னேரம் நாலரை மணியளவில் காணாமற்போய் விட்டது. அதற்குள் இருந்தது 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா.

பதறினாலும் ஒரு தைரியம் இருந்தது. அதற்கு முந்திய வருடம்தான் கடைக்கு நான்கு சீ.சீ.ரி.வி. கமெராக்கள் பூட்டியிருந்தேன். உடனே பதிவைப் போட்டுப் பார்த்தோம். மேசைக்கு முன்னால் நின்ற ஒருவன் குனிகிறான், நிமிர்கிறான், சனத்தோடு சனமாக வெளியே போகிறான். முகம் கமெராவை நோக்கித்தான் இருக்கிறது. ஆனால் அந்த முகத்தைப் பெரிதாக்கினால் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. தண்ணீரில் கரைந்த மை போல ஒரு மங்கல் மட்டுமே தெரிந்தது.

அப்போது என் தங்கையின் மகன், "மாமா, கவலைப்படாதீங்க" என்று சொல்லித் தனது கையடக்கத் தொலைபேசியில் அந்தப் படத்தை ஏற்றினான். மங்கலான படங்களைத் தெளிவாக்கும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. ஒரு நிமிடம் கூடச் செல்லவில்லை. புருவம், உதடு, அரும்பு மீசை எல்லாம் துலக்கமாக ஒரு முகம் திரையில் வந்து நின்றது. கடையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வாய்விட்டே சொன்னார்: "இது நம்மட பையன் மாதிரியல்லவா இருக்கு!"

எங்கள் கடையில் இரண்டு வருடமாக வேலை செய்யும் பையன் அவன். வயது பத்தொன்பது. தாய்க்குச் சுகமில்லை என்று முதல் நாள்தான் விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தான். போகும்போது சம்பளத்தில் முற்பணம் கேட்டதும், பெருநாள் நேரம் என்று நான் கொடுக்காமல் விட்டதும் நினைவுக்கு வந்தன. அவ்வளவுதான், மனம் தானாகவே கணக்கைக் கூட்டி முடித்து விட்டது. காலையில் அந்தப் படத்துடன் பொலிஸுக்குப் போவது என்ற முடிவோடு வீட்டுக்குப் போனேன்.

கொப்பியும் பென்சிலும்

என் மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் கணனி விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் தான் படித்த பாடசாலைக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணனி அறிவு சொல்லிக் கொடுப்பாள். அங்கே கணனிகள் போதாது. ஆகையால் கணனி இல்லாமலே, புதிர் விளையாட்டுகள் மூலம் கற்பிப்பதாக அடிக்கடி சொல்வாள். நான் அதைப் பெரிதாகக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

நான் காட்டிய படத்தை அவள் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "வாப்பா, தெளிவாக்காத படம் எங்கே?" என்று மட்டும் கேட்டாள். அதையும் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல், கணக்குப் பாடத்துக்குப் பாவிக்கும் கட்டம் போட்ட கொப்பியையும் பென்சிலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அஞ்சு கட்டம் அகலம், அஞ்சு கட்டம் உயரம். நான் எண்களைச் சொல்றேன், நீங்க நிரப்புங்க. முதல் எண் எத்தனை வெள்ளைக் கட்டம், அடுத்த எண் எத்தனை கறுப்பு, அதுக்கடுத்தது திரும்ப வெள்ளை. முதல் கட்டமே கறுப்பு எண்டா எண் பூச்சியத்தில தொடங்கும்."

முதல் நான்கு வரிகளுக்கும் 0, 1, 4 என்றாள். ஐந்தாவது வரிக்கு 0, 5. வாசகர்களும் ஒரு துண்டுத் தாளில் இதைச் செய்து பார்க்கலாம். நான்கு வரிகளில் இடது ஓரத்தில் மட்டும் கறுப்பு, கடைசி வரி முழுவதும் கறுப்பு. 'ட' என்ற எழுத்து கொப்பியில் எழுந்து நின்றது. அடுத்து 0, 1, 3, 1 என்று நான்கு வரிகள், கடைசி வரி மறுபடியும் 0, 5. இப்போது வந்தது 'ப'.

"இவ்வளவுதான் வாப்பா படம். கமெராவுக்கு முகமும் தெரியாது, துணியும் தெரியாது. கட்டமும் எண்ணும்தான் தெரியும்."

கறுப்பு, வெள்ளை என்ற இரண்டுக்குப் பதிலாக ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொடுத்தால் பழைய காலத்துக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கிடைக்கும். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. சிவப்பு, பச்சை, நீலம் என்று கட்டத்துக்கு மூன்று எண்கள் கொடுத்தால் நிறப்படம். அந்த மூன்றையும் கலந்து ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்களைக் காட்டலாம். இந்தக் கட்டத்தைத்தான் பிக்சல் என்கிறார்கள்.

துணி வியாபாரிக்கு இது புதிய விடயமே அல்ல. சேலைக் கரையில் வரும் பூவையும் மயிலையும் முதலில் கட்டத் தாளில் வரைந்துதான் தறிக்குக் கொடுப்பார்கள். எந்த இடத்தில் எந்த நூல் மேலே வர வேண்டும் என்பதை அந்தக் கட்டங்களே தீர்மானிக்கின்றன. இத்தனை வருடமாகக் கையில் பிடித்து விற்ற பொருளில் இருந்த சங்கதி, கமெராவுக்குள்ளும் இருப்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

எண்ணிப் பார்த்தோம்

"இனி கள்ளன்ட முகத்தை எண்ணுவோம்" என்றாள் மகள். பதிவின் விபரத்தைத் திறந்து பார்த்தாள். அகலம் 352 கட்டம், உயரம் 288 கட்டம் என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கமெரா பூட்டியவர் என்னிடம் சொன்னது 1920க்கு 1080 என்ற முழு எச்.டி. அதாவது 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 கட்டங்கள். பதிவில் இருந்ததோ 1 இலட்சத்து ஓராயிரத்து 376. இருபது கட்டத்துக்கு ஒன்று வீதம்தான் மிஞ்சியிருந்தது.

அந்தக் கமெரா பார்க்கும் இடம் குறுக்கே 22 அடி. 352ஐ 22ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு 16 கட்டம். மனித முகம் ஏறக்குறைய அரை அடி அகலம். ஆகவே கள்ளனின் முகத்துக்குக் குறுக்கே கிடைத்தது வெறும் 8 கட்டம்.

மகள் கொப்பியில் எட்டுக் கட்ட அகலத்தில் ஒரு முகத்தைப் பென்சிலால் நிழலிட்டு நிரப்பினாள். "இது யார் வாப்பா?" என்றாள். நான் உற்றுப் பார்த்தேன். என் தம்பி போலவும் இருந்தது. என் மருமகன் போலவும் இருந்தது. கண்ணாடியைக் கழற்றினால் நானும் அப்படித்தான் இருப்பேன் போலிருந்தது. எட்டு நூல் அகலத்தில் மயில் நெய்து தரும்படி எந்தத் தறிகாரரிடமாவது கேட்க முடியுமா? அவர் நெய்து தந்தாலும் அது மயிலா காகமா என்று யார் சொல்வது?

பெக்ஸ் இயந்திரத்தின் இரகசியம்

பூட்டும்போது கடையில் திரையைப் பார்த்து நான் திருப்திப்பட்டவன். துணி ரோலில் ஒட்டியிருந்த விலைச் சீட்டுக் கூடத் தெளிவாகத் தெரிந்தது. அப்படியிருக்கப் பதிவு ஏன் இப்படி ஆனது? அதற்கும் ஒரு விளையாட்டையே விடையாகச் சொன்னாள்.

நான் 'ட' எழுதிய புதிர், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரிலுள்ள கன்டர்பரி பல்கலைக்கழகத்தின் டிம் பெல் என்ற பேராசிரியரும் அவரது நண்பர்களும் 1990களில் தொடங்கிய கற்பித்தல் முறையைச் சேர்ந்ததாம். கணனி இல்லாமலே கணனி விஞ்ஞானத்தைக் கற்பிப்பது அவர்களது நோக்கம். இன்று அப்பாடங்கள் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. படங்களைப் பற்றிய பாடத்தில் அவர்கள் உதாரணமாக எடுத்தது நம்மவர்கள் நன்கறிந்த ஒரு பொருளை. அதுதான் பெக்ஸ் இயந்திரம்.

பழைய வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுக்கு பெக்ஸ் அனுப்பும்போது நாலு வரிக் கடிதம் சட்டென்று போய் விடும். எழுத்து நிறைந்த இன்வொயிஸ் என்றால் இழுத்துக்கொண்டே நிற்கும், தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். காரணம் இந்தப் புதிரில்தான் இருக்கிறது. 1980இல் சர்வதேச ரீதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பெக்ஸ் முறையில் ஒரு வரிக்கு 1728 கட்டங்கள். அவ்வரி வெறுமையாக இருந்தால், "1728 வெள்ளை" என்று ஒரே ஒரு எண்ணை அனுப்பினால் போதும். எழுத்துகள் குறுக்கிட்டால் இத்தனை வெள்ளை, இத்தனை கறுப்பு என்று பத்து, இருபது எண்கள் அனுப்ப வேண்டும். எங்கள் 'ட'வும் அப்படித்தான். 25 கட்டங்களை 14 எண்களில் சொல்லி முடித்தோம். படத்தைச் சுருக்குவது என்பதன் அரிச்சுவடி இது.

ஆறு வித்தியாசங்கள்

வீடியோவுக்கு வேறொரு விளையாட்டு. பத்திரிகைகளில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள் அல்லவா? நாம் கண்ணால் தேடுகிறோம். இயந்திரமோ முதற்படத்தின் எண்களிலிருந்து இரண்டாம் படத்தின் எண்களைக் கட்டம் கட்டமாகக் கழித்துப் பார்க்கிறது. கழித்து வருவது பூச்சியம் என்றால் அங்கே மாற்றமில்லை. பூச்சியமில்லாத இடம்தான் வித்தியாசம்.

இரவில் பூட்டிய கடையில் ஏதாவது அசைந்தால் உங்கள் தொலைபேசிக்குச் செய்தி வருகிறதே, அதன் அடிப்படை இந்தக் கழித்தல்தான். வீடியோவைச் சுருக்குவதும் இப்படித்தான். ஒவ்வொரு படத்தையும் முழுதாகச் சேமிக்காமல், முந்திய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் சேமிப்பது. ஆகவே சும்மா இருக்கும் களஞ்சியத்தின் பதிவு குறைந்த இடத்தைப் பிடிக்கும். பெருநாள் நேரத்துக் கடையில் எல்லாமே அசைவதால் பதிவு ஏராளமான இடத்தைத் தின்று விடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். முழு எச்.டி. படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 25 வீதம் சேமித்தால், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு மணித்தியாலத்துக்குள் நிரம்பி விடும். சுருக்கி, ஒரு கமெராவுக்கு நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 43 ஜிகாபைட். நான்கு கமெராவுக்கு 173. எனது 1 டெராபைட் ஆறு நாளைக்குக் கூடச் சரியாகப் போதாது.

ஆனால் பூட்டியவர் எனக்கு வாக்களித்தது 30 நாள் பதிவு. மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது அவர் ஒளிக்காமல் சொன்னார்: "முப்பது நாள் நிற்க வேணும் எண்டு நீங்கதானே கேட்டீங்க ஹாஜியார், அதுக்குத்தான் பதிவைச் சின்னதாக்கி வைத்தோம்." டி.வி.ஆர். என்று சொல்லும் பதிவுப் பெட்டியில் அப்படிச் செய்யலாமாம். கமெரா நல்ல கமெராதான். திரையில் நான் பார்த்து மயங்கியது நேரடிக் காட்சி. ஆபத்துக்கு எனக்குக் கிடைத்ததோ பதிவு. இரண்டும் ஒன்றல்ல என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பதினேழு எண்கள்

எல்லாம் சரி, மருமகனின் தொலைபேசியில் வந்த அந்தத் தெளிவான முகம் யாருடையது? அன்றிரவு நான் கேட்ட முக்கியமான கேள்வி இதுதான். என் மகள் சுடோகுப் புதிரை எடுத்து வைத்தாள்.

81 கட்டங்களில் சில எண்களைத் தந்து, மீதியை நம்மையே நிரப்பச் சொல்வது சுடோகு. தரும் எண்கள் போதுமானவையாக இருந்தால் விடை ஒன்றே ஒன்றுதான். யார் நிரப்பினாலும் அதே விடை வரும். ஆனால் குறைந்தது 17 எண்களாவது வேண்டும். 16 எண்களுடன் ஒரே விடையுள்ள சுடோகு கிடையவே கிடையாது என்பதை அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கேரி மெக்கையர் குழுவினர் 2012இல் கணனி மூலம் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதற்குக் கீழே போனால் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாகப் பொருந்தும். நீங்கள் ஒன்றை நிரப்பிக் காட்டலாம், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அதுதான் உண்மையான விடை என்று சத்தியம் பண்ண முடியாது.

தடயங்கள் போதுமாக இருந்தால் இயந்திரம் வியக்கத்தக்க வேலைகளைச் செய்யும். ஜப்பானில் 1980களின் பிற்பகுதியில் உருவான நொனோகிராம் என்ற கட்டப் புதிரில், வரிசைகளுக்கு வெளியே எழுதிய எண்களைக் கொண்டே உள்ளே மறைந்திருக்கும் படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வைத்தியசாலையில் எடுக்கும் சீ.ரி. ஸ்கேனும் ஏறத்தாழ இதே வழிதான். உடலின் நாலா புறமும் எக்ஸ் கதிரைச் செலுத்தி, வெளியே வந்த அளவுகளைக் கொண்டு உள்ளே இருப்பதைக் கட்டம் கட்டமாகக் கணக்கிடுகிறது. 1971இல் இலண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்த ஸ்கேனில் இருந்தவை 80க்கு 80 கட்டங்கள்தான். அதைச் செய்த கொட்பிரே ஹவுன்ஸ்பீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. அது ஊகம் அல்ல, அளவெடுத்த கணக்கு.

கடைகளில் நாம் ஒட்டி வைத்திருக்கும் கியூ.ஆர். அட்டையும் அப்படியே. 1994இல் ஜப்பானில் வாகன உதிரிப்பாகங்களை அடையாளமிடுவதற்காக டென்சோ நிறுவனம் ஆக்கிய அந்தக் கட்டத்தில், சேதம் வந்தால் மீட்பதற்கென்றே மேலதிகக் கட்டங்கள் முன்கூட்டியே சேர்க்கப்படுகின்றன. உயர்ந்த தரத்தில் ஏறக்குறைய 30 வீதம் அழிந்தாலும் முழுவதையும் மீட்கலாம். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது கசங்கி, வியர்வையில் நனைந்த கியூ.ஆர். தாளும் வேலை செய்தது இதனால்தான்.

ஆனால் கள்ளனின் முகத்தில் மேலதிகக் கட்டங்களை யாரும் முன்கூட்டியே சேர்த்து வைக்கவில்லை. அப்படியானால் தெளிவாக்கும் மென்பொருள் என்ன செய்தது? அது ஏராளமான வேறு முகங்களைப் பார்த்துப் பழகியது. இந்த எட்டுக் கட்டத்துக்குப் பொருந்தக்கூடிய ஒரு முகத்தைத் தானே வரைந்து தந்தது. பல படங்களை ஒன்றுசேர்த்து ஓரளவு தெளிவு பெறும் முறைகள் இருக்கின்றனவாம். ஆனால் ஒரேயொரு மங்கல் படத்திலிருந்து வரும் புது முகம் வெறும் கற்பனை.

இதற்கு மகள் ஒரு சம்பவத்தையும் சொன்னாள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2020இல் ஒரு மென்பொருளை வெளியிட்டார்கள். 16க்கு 16 கட்டம் உள்ள முகத்தை 1024க்கு 1024 கட்டம் உள்ளதாக்கும், அதாவது 256 கட்டத்திலிருந்து பத்து இலட்சத்துக்கு மேல். ஆட்களை அடையாளம் காண இதைப் பாவிக்க முடியாது, இது உருவாக்குவது உலகில் இல்லாத முகங்களை என்று ஆக்கியவர்களே சொல்லியிருந்தார்கள். அதற்குள் முன்னாள் ஜனாதிபதி பராக் ஒபாமாவின் படத்தைச் சிறிய கட்டங்களாக்கிக் கொடுத்துப் பார்த்தபோது, அது திருப்பித் தந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தை! உலகமே அறிந்த மனிதருக்கே அந்தக் கதி என்றால், எங்கள் கடைப் பையன் எம்மாத்திரம்?

நான் பொலிஸுக்குப் போகவில்லை

காலையில் களவைப் பற்றி முறைப்பாடு செய்தேன், மங்கலான பதிவையும் உள்ளபடியே கொடுத்தேன். ஆனால் அந்தத் தெளிவான முகத்தை நான் கொண்டு போகவில்லை. மருமகனிடம் சொல்லி அழிக்கச் செய்தேன். கடையில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்றும் சொல்லி வைத்தேன்.

நான்காம் நாள் பையன் வந்தான். கண்கள் சிவந்திருந்தன. தாய்க்குச் சத்திரசிகிச்சை நடந்ததாம், பை போன அன்று பின்னேரம் முழுவதும் வைத்தியசாலையில்தான் இருந்தானாம். நான் கேட்காமலே வைத்தியசாலைத் துண்டை எடுத்துக் காட்டினான். மருந்து வாங்க முற்பணம் கேட்பதற்காகத்தான் காட்டினான். கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். எனக்குத்தான் அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

பை இன்றுவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தது என்பதும் தெரியாது. காசு போனது நட்டம்தான். ஆனால் வியாபாரத்தில் நட்டத்தை ஒரு வருடத்தில் சரிக்கட்டலாம். ஓர் ஏழைப் பிள்ளையின் பெயரில் நான் பூசியிருக்கக்கூடிய கறையை எந்த வருடத்தில் கழுவுவது?

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

அன்றிரவு கற்றதை நம்மவர்களுக்குப் பயன்படும் வகையில் சுருக்கித் தருகிறேன்.

ஒன்று: கமெரா வாங்கும்போது நேரடிக் காட்சியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பூட்டியவரிடம், "நேற்றைய பதிவைப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதில் தெரியும் முகம்தான் உங்களுக்கு ஆபத்துக்கு உதவும் முகம்.

இரண்டு: பதிவாகும் படத்தின் அகலம் எத்தனை கட்டம் என்று கேட்டு, கமெரா பார்க்கும் இடத்தின் அகலத்தை அடியில் அளந்து வகுத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவரை ஐயமற இனங்காண மீற்றருக்கு 250 கட்டம் வேண்டும் என்பது அப்போதிருந்த சர்வதேசத் தராதரம். அடிக்கணக்கில் அது 76. ஏற்கெனவே தெரிந்தவரை அடையாளம் காண அதில் பாதி, அதாவது 38. எனது பதிவில் இருந்தது 16. ஆள் ஒருவர் நின்றார் என்று சொல்லலாம், அவ்வளவுதான். அதே கமெராவின் முழுப் படமும் பதிவாகியிருந்தால் 1920ஐ 22ஆல் வகுக்க 87. கள்ளனின் முகம் கையில் இருந்திருக்கும்.

மூன்று: எத்தனை நாள் பதிவு என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். என்ன தரத்தில் எத்தனை நாள் என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மங்கலான முப்பது நாளை விடத் தெளிவான பத்து நாள் மேல். வாசல், காசு மேசை ஆகிய இரண்டு இடத்துக்காவது முழுத் தரமும் இருக்கட்டும். கூடுதல் ஹார்ட் டிஸ்க்கின் விலை, ஒரு களவின் நட்டத்தை விடக் குறைவு.

நான்கு: கியூ.ஆர். அட்டை கிழிந்தாலும் வேலை செய்யும் என்பது அதன் பலம். ஆனால் அது யாருடைய கணக்கு என்பதைக் கட்டங்களைப் பார்த்து நம்மால் சொல்ல முடியாது. உங்கள் அட்டைக்கு மேல் வேறொருவர் தனது அட்டையை ஒட்டி விட்டாலும் அது குறையில்லாமல் வேலை செய்யும், காசு மட்டும் அவருக்குப் போகும். காலையில் கடை திறந்ததும் நீங்களே ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பெயரைச் சரிபாருங்கள்.

ஐந்து: மங்கலான படத்தைத் தொலைபேசியில் தெளிவாக்கி, அதை வைத்து எவர் மீதும் குற்றம் சுமத்தாதீர்கள். வட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள். அது சாட்சி அல்ல, சித்திரம்.

இறுதியாக ஒரு வார்த்தை. என் மகளின் சனிக்கிழமை வகுப்பில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் இந்தப் புதிர்களை அரை மணித்தியாலத்தில் விளங்கிக்கொள்கிறார்கள். ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும்தான் செலவு. இலட்சக்கணக்கில் இயந்திரங்கள் வாங்கும் நாமும் அந்த அரை மணித்தியாலத்தைச் செலவழித்தால் என்ன? இப்போது பெருநாள் சீசன் தொடங்குமுன் எனது ஊழியர்களையும் உட்கார வைத்து இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பையன்தான் எல்லோருக்கும் முதலாகப் புதிரை முடிக்கிறான். காசு மேசைப் பொறுப்பும் இன்று அவனிடமே இருக்கிறது. இந்தக் கதையில் அவனும் இருக்கிறான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

உங்கள் பிள்ளைகளுடன் உட்கார்ந்து செய்து பார்க்க ஒரு புதிர் தருகிறேன். ஏழு கட்டம் அகலம், ஏழு கட்டம் உயரம். வழமைபோல முதல் எண் வெள்ளை, அடுத்தது கறுப்பு.

முதல் வரி: 2, 3, 2
இரண்டாம் வரி: 1, 1, 3, 1, 1
மூன்றாம் வரி: 1, 1, 3, 1, 1
நான்காம் வரி: 0, 7
ஐந்தாம் வரி: 0, 3, 1, 3
ஆறாம் வரி: 0, 3, 1, 3
ஏழாம் வரி: 0, 7

விடையை நான் சொல்லத் தேவையில்லை. இரவில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் புறப்படும்போது, கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்ப்பீர்களே, அதுதான்.